கவி கட்டியவள் பெயர்

ஆம்ஸ்டர்டாமில் 1895இல் பிறந்த இசையமைப்பாளர் ஹென்ரியெட் பொஸ்மன்ஸை நாஜி ஆக்கிரமிப்பு மேடை ஏறவிடவில்லை. ஆனாலும் அவர் ஆக்கிய பாட்டுகள் இன்றும் அவர் பெயரோடுதான் பாடப்படுகின்றன. எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரைப் பெண்களுக்கு அந்த நீதிகூடக் கிடைக்கவில்லை. வேளாண்மைக் காவலுக்குப் போன மச்சானை நினைத்து, பாய் இழைத்துக்கொண்டே கவி கட்டியவர்கள் அவர்கள். நாலே அடி. ஏக்கமும் கோபமும் கேலியும் அதற்குள் அடங்கும். ஊருக்குப் பொதுவான இராகத்தை அவரவர் குரலுக்கு வளைத்துக்கொள்வார்கள். இதுவும் இசையாக்கம்தான். வீ. சி. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) போன்ற நூல்கள் நாட்டுக்கவிகளை அச்சில் காத்தன. கட்டியவள் பெயர் மட்டும் ஏறவில்லை. உங்கள் உம்மம்மாவோ அம்மம்மாவோ கவி சொன்னால் ஃபோனில் பதியுங்கள். அதற்கு முன் அவர் பெயரையும் ஊரையும் எழுதிவையுங்கள்.