வரி போனது, பாரம் போகவில்லை

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் காலனிகளில் பெட்டிக்கடைக்கு நாப்கின் வாங்க வரும் பெண், அங்கே நிற்கும் ஆண்கள் நகரும்வரை ஓரமாகக் காத்திருப்பார். கடைக்காரர் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுப்பார். அந்தப் பொட்டலத்துக்கு 2018 ஜூலை 27 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால் விலை எவ்வளவு குறைந்தது என்று கேட்டால், வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீத வரி போட்டார்கள். குங்குமத்துக்கும் பொட்டுக்கும் வளையலுக்கும் வரி இல்லை. சுமங்கலியின் அடையாளங்களுக்குச் சலுகை, மாதாமாதம் தவிர்க்க முடியாத தேவைக்குத் தண்டம். நாடெங்கும் பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. ஓராண்டுக்குப் பிறகு, 2018 ஜூலை 21-ல் கூடிய 28-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டம் வரிவிலக்கு அளித்தது. அது பெண்கள் போராடிப் பெற்ற வெற்றி. அதைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. அந்த வெற்றி நம் தெருவரை வந்து சேர்ந்ததா என்பதே நம் கேள்வி.

வரிவிலக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாணவர்கள் இதைப் புரிந்துகொள்வது நல்லது. நாப்கின் செய்யப் பஞ்சுக்கூழ், பிளாஸ்டிக் தாள், பசை எல்லாம் வேண்டும். அன்றைக்கு அவற்றுக்கு 12 முதல் 18 சதவீதம் வரை வரி இருந்தது. வரி உள்ள பொருளைச் செய்பவர், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வரிவிலக்குப் பெற்ற பொருளைச் செய்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ரூபாய்ப் பொருளுக்கு 12 ரூபாய் வரி சேர்ந்து 112 ஆகிறது. மூலப்பொருளுக்கு ஏற்கெனவே 8 ரூபாய் வரி கட்டியிருந்தால் அது கழிந்துவிடும். வரிவிலக்கு வந்ததும் 12 போகும், ஆனால் அந்த 8 விலைக்குள் ஏறிக்கொள்ளும். விலை 108. மிச்சம் 4 ரூபாய்தான். ஏற்றுமதியாகும் பொருளுக்கோ இந்த உள்வரியையும் அரசு திருப்பித் தருகிறது. வெளிநாட்டுக்குப் போகும் சட்டைக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை, உள்ளூர்ப் பெண்ணின் நாப்கினுக்கு ஏன் இல்லை?

சரி, உள்வரியும் முழுதாகப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். கடையில் காசு கொடுத்து வாங்க முடிந்தவருக்குத்தான் அதுவும் உதவும். நடவும் களையெடுப்பும் கரும்பு வெட்டும் இருக்கும் நாளில் மட்டும் கூலி பார்க்கும் நிலமில்லாத பெண்ணின் கணக்கு வேறு. அரிசி, பிள்ளையின் நோட்டு, மருந்து எல்லாம் போகத்தான் அவருக்கு மற்றது. மகளுக்கு ஒரு பாக்கெட் வாங்குவார், தமக்குப் பழைய புடவைத் துணியைக் கிழித்துக்கொள்வார். அதோடு சேற்றில் இறங்கி மாலைவரை குனிந்து நிற்பார். கழனியில் துணி மாற்ற மறைவிடம் ஏது?

தமிழக அரசின் ‘புது யுகம்’ திட்டம் முன்னோடியானது. 10 முதல் 19 வயதுள்ள பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு என்று இலவசமாகத் தருகிறார்கள். ஆண்டுக்கு 108. மாதத்துக்குப் பிரித்தால் ஒன்பது. ஒரு நாளைக்கு மூன்று என்று ஐந்து நாளுக்குப் பார்த்தாலே 15 வேண்டும். பிரசவித்த தாய்மார்களுக்கும் சிறையில் உள்ள பெண்களுக்கும் இத்திட்டத்தில் இடம் உண்டு. இருபது வயது தாண்டிய கூலிப் பெண்ணுக்கு இல்லை. இருபதோடு மாதவிடாய் நின்றுவிடுகிறதா?

நமக்கு இது வெறும் விலைக் கணக்கும் அல்ல. ‘தீட்டு’ என்ற ஒரே சொல்தான் நம்மை ஊருக்கு வெளியே வைத்தது, பெண்ணை வீட்டுக்கு வெளியே வைத்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2025 ஏப்ரலில் பார்த்தோம். கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், மாதவிடாய் நாளில் வந்த எட்டாம் வகுப்பு தலித் மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுத வைக்கப்பட்டாள். நந்தனார் வெளியே நிறுத்தப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த சிதம்பரத்துக்காரர்களுக்கு அந்தப் படிக்கட்டு புதிதல்ல. அதே சிதம்பரத்தில்தான் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தார். திறந்த கதவுக்குள் மாதத்தில் எல்லா நாளும் நம் பெண் போய்வர வேண்டும்.

வீசப்படும் நாப்கின் எங்கே போகிறது என்பதையும் பேசியாக வேண்டும். பயன்படுத்தியதைத் தனியாகச் சுற்றித் தர வேண்டும், அதற்கான உறையைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. நடைமுறையில், மக்காத அந்தக் கழிவைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். அவர் பெரும்பாலும் நம் வீட்டவர்.

கென்யா 2004-லேயே இந்த வரியை நீக்கியது. ஸ்காட்லாந்து 2020-ல், தேவைப்படும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கச் சட்டம் இயற்றியது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கான செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். பெண்ணுடலின் தேவையை அவள் தலையிலேயே கட்டிவிடக் கூடாது என்பதே அதன் பொருள்.

எனவே நாம் கேட்பது இவைதான். நாப்கினின் உள்வரியையும் ஒன்றிய அரசு திருப்பித் தரட்டும். ‘புது யுகம்’ திட்டத்தின் வயது வரம்பை நீக்கி, குடும்ப அட்டைக்கு நியாயவிலைக் கடையிலேயே தேவையான அளவு தரட்டும். அரிசி வாங்கும் வரிசையில் நின்று இதையும் வாங்கினால் கூச்சமும் போகும். ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதி ஒவ்வொன்றிலும் தண்ணீருள்ள கழிப்பறையும் எரிப்பு இயந்திரமும் வேண்டும். கடலூர் மாவட்டத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை யாராவது எழுந்து கேட்க வேண்டும். தலையைக் குனிந்து கறுப்புப் பையோடு திரும்பும் அந்தப் பெண் கேட்கட்டும். பக்கத்தில் அவர் மகனும் நிற்கட்டும்.