வேடம் கலைத்த பின்

திரையில் ஒரு குழந்தை அழுதால் நாமும் கண் கலங்குகிறோம். படம் முடிந்ததும் அக்குழந்தை எங்கே போயிற்று, வளர்ந்து என்ன ஆயிற்று என்று நாம் வினவுவதில்லை.

1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘யார் பையன்’ படத்தை முதியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். ஜெமினி கணேசன், சாவித்திரி ஆகியோருடன் அதில் சிறுவனாக நடித்தது டெய்சி இரானி என்னும் சிறுமி! அவர்தம் தங்கை ஹனி இரானியும் அகரம் பயிலும் பருவத்திலேயே ஒப்பனை பூசியவர்தாம். 1959இல் வந்த ‘சிராக் கஹாங் ரோஷ்னி கஹாங்’ என்னும் இந்திப் படத்தில் மீனா குமாரியுடன் நடித்தார். பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைச் சொல்வதே அன்று அவர் தொழில்.

1972இல் அவர் எழுத்தாளர் ஜாவேத் அக்தரை மணந்தார். ஸோயா, ஃபர்ஹான் என்று இரு மக்கள். பின்னர் மணவாழ்க்கை முறிந்தது. அதன் பிறகே அவருடைய எழுத்து திரைக்கு வந்தது. 1991இல் யஷ் சோப்ரா இயக்கிய ‘லம்ஹே’ படத்தின் கதை அவருடையது. ஒருவன் காதலித்து அடைய முடியாத பெண்ணின் மகள், பின்னாளில் அவனையே விரும்புகிறாள். தயங்கி நிற்பவன் அவன். தன் மனத்தைத் தெளிவாக அறிந்தவள் அவளே. நம் நாட்டு ரசிகர்கள் அப்படத்தை விரும்பி ஏற்கவில்லை. ஆயினும் கதைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவரைத் தேடி வந்தது. 1993இல் ‘டர்’, 2000இல் ‘க்யா கெஹ்னா’ என அவர் எழுத்து தொடர்ந்தது. இத்தகைய ஒருவரை இன்னாரின் மனைவியாக இருந்தவர், இன்னாரின் தாய் என்றே அறிமுகம் செய்யும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று.

ஹனி இரானி தமக்கென ஓர் எழுதுகோலைத் தேடிக்கொண்டார். எல்லாக் குழந்தை நடிகர்க்கும் அது வாய்க்குமா? அவர் நடித்த நாளில் இல்லாத விதிகள் 2017இல் வந்தன. குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைத்தலாகாது, இடையே ஓய்வின்றி மூன்று மணியைத் தாண்டலாகாது, கல்வி தடைப்படலாகாது, வருவாயில் 20 விழுக்காடேனும் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகச் சேர வேண்டும். விதிகள் நல்லவையே. ஆனால், எஞ்சிய 80 விழுக்காட்டுக்குக் கணக்குக் கேட்பவர் யார்? தொலைக்காட்சிப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரிடம் நாம் கேட்க விரும்புவது இதுதான்: அந்த வைப்புச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, என்றேனும் படிக்கச் சொன்னதுண்டா?