மீனில் கூடாது, முடியில் மட்டும் ஆகுமா?

பாளையங்கோட்டையில் பதினான்கு வருடமாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். முடியை நேராக்கும் கெரட்டின் வேலையை மட்டும் இப்போது எடுப்பதில்லை. "பக்கத்துத் தெருவில் செய்கிறார்களே அக்கா" என்று கல்யாணப் பெண்கள் கேட்காத முகூர்த்த மாதம் இல்லை.

காரணம் ஒரு வாடை. க்ரீம் தடவிக் காயவைத்து, 200 டிகிரிக்கு மேல் சூடேறிய அயர்னிங் மெஷினில் முடியைக் கற்றை கற்றையாக இழுக்கும்போது வெண்புகை எழும்பும். ஏசிக்காகக் கதவு சாத்தியிருக்கும். வாடிக்கையாளர் முகத்தை ஈரத் துண்டால் மூடிக்கொள்வார். எனக்கும் என் உதவியாளப் பெண்ணுக்கும் கண்ணில் நீர் கொட்டும், தொண்டை கமறும். பள்ளிக்கூட விலங்கியல் லேபில் தவளை மிதந்த பாட்டிலைத் திறந்தால் வருமே, அதே வாடை. ஃபார்மலின்!

அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. ‘மெத்திலீன் கிளைகால்’ என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும் சரக்கு அதுதான்; சூடு பட்டதும் வாயுவாகிவிடும். ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்ற வாசகத்தையும் நம்புவதற்கில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநில அதிகாரிகள் 2010-ல் அப்படி விற்ற ஒரு சரக்கைப் பரிசோதித்தார்கள். சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. அங்கே 0.1 சதவீதத்தைத் தாண்டினாலே பணியிடத்தில் எச்சரித்தாக வேண்டும்.

இதற்கு மாற்று என்று வந்த கிளையாக்சிலிக் அமிலமும் சாது இல்லை. துனிசியாவில் 26 வயதுப் பெண் ஒருவர் மூன்று முறை முடியை நேராக்கினார். மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்தது. பிரான்ஸ் மருத்துவர்கள் 2024-ல் இதை எழுதினார்கள். க்ரீமில் இந்த அமிலம் 10 சதவீதம் இருந்ததாம்.

மீனில் ஃபார்மலின் என்றால் ஊரே பதறுகிறது, அதிகாரிகள் சந்தைக்கு ஓடுகிறார்கள். அதையே ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துத் தலையில் தேய்த்துக்கொள்கிறோம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பார்லர் அலமாரிகளையும் திறந்து பார்க்கட்டும், டப்பாக்களை ஆய்வகத்துக்கு அனுப்பட்டும்.

வாடிக்கையாளர்களே, க்ரீம் டப்பாவைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். கண் எரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் வருடத்துக்கு ஓரிரு முறை அந்த நாற்காலியில் உட்காருகிறீர்கள். மெஷின் பிடிக்கும் பெண்ணுக்கு அந்தப் புகைதான் தினசரி மூச்சு.