மெஷின் வந்தாச்சு, உட்காரத் தெரியணுமே!

வீட்டுக்கு வீடு மிக்சி, கிரைண்டர் வந்தது போல இப்போது பிரஷர் மெஷினும் வந்துவிட்டது. கையில் பட்டையைச் சுற்றி, பொத்தானை அமுக்கினால் போதும். அளவு செல்போனில் வந்து விழுகிறது. வாரக் கணக்கு, மாதக் கணக்கு எல்லாம் கோடு போட்டுக் காட்டுகிறது.

நல்ல காரியம்தான். இந்தியாவில் வயது வந்தவர்களில் 100-க்கு 35 பேருக்கு ரத்த அழுத்தம் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொன்னது. ஓசைப்படாமல் வரும் வியாதி இது. அளந்து பார்த்தால்தான் தெரியும். டாக்டரைக் கண்டதுமே சிலருக்கு எகிறும். வேறு சிலருக்கு அங்கே சரியாக இருந்து வீட்டில் ஏறும். இரண்டையும் கண்டுபிடிக்க வீட்டு அளவு உதவும்.

ஆனால் நடப்பது என்ன?

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பட்டையைக் கட்டுகிறார்கள். அதுவும் சட்டைக் கையின் மேலே! மெஷின் ஓடும்போதே அதே போன் மணி அடிக்கிறது. "அலோ, சொல்லுங்க சார்" என்று பேச்சு வேறு! பேசினாலே 10 புள்ளி ஏறும். கையைத் தொங்கவிட்டால் ஏறும். சிறுநீரை அடக்கினால் ஏறும். பட்டை சின்னதாக இருந்தாலும் ஏறும். வந்த எண்ணைப் பார்த்த பயத்தில் இன்னும் ஏறும்!

இன்னொரு கூத்து. பக்கத்து வீட்டு மாமி, தண்ணீர் கேன் போட வந்த தம்பி எல்லோரும் "எனக்கும் ஒரு தடவை பாருங்க" என்று கை நீட்டுகிறார்கள். எல்லார் எண்ணும் ஒருத்தர் கணக்கில் ஏறுகிறது. அதைக் காட்டினால் டாக்டர் யாருக்கு மாத்திரை எழுதுவார்?

முறை இதுதான்

காபி, சிகரெட் முடிந்து அரை மணி ஆகட்டும். 5 நிமிஷம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும். பாதம் தரையில், கால் மேல் கால் கூடாது. கை மேஜை மேல், நெஞ்சு மட்டத்தில். பட்டை வெறும் புஜத்தில். பேச்சு கிடையாது. ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை பாருங்கள். காலையில் மாத்திரை போடும் முன்னும், ராத்திரி படுக்கும் முன்னும் 7 நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போடுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்றால், வீட்டில் 135/85. அதைத் தொட்டால் டாக்டரைப் பாருங்கள்.

போன் இணைப்பு இல்லாத மெஷினும் இதே வேலையைச் செய்யும். விலையும் குறைவு. கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்வோம் என்கிற 'ஆப்'களை மட்டும் நம்ப வேண்டாம். போனுக்கு ஒரே பெருமை, உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கும். நோட்டில் எழுதும் நாமோ 160 வந்தால் விட்டுவிட்டு, 138 வந்ததை எழுதிக் கொள்கிறோம்! கடைக் கணக்கை இப்படி எழுதினால் முதலாளி விடுவாரா?

பெரிய ஆபத்து வேறு

நாலு நாள் நல்ல எண் வந்ததும் "சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்துகிறார்களே, அதுதான்! ஐயா, அந்த நல்ல எண்ணைத் தந்ததே மாத்திரைதான். நிறுத்தினால் பக்கவாதம், மாரடைப்பு, கிட்னிக் கோளாறு என்று வாசலில் வந்து நிற்கும். ஒரு நாள் ஏறியது என்று இரண்டு மாத்திரையாகப் போடுவதும் தப்பு. கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

180/120-ஐத் தாண்டினால் சற்று அமர்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் குழறல், கை கால் விழுதல் சேர்ந்து வந்தால் இரண்டாவது தடவை அளக்கக்கூட நிற்காதீர்கள். உடனே 108!

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியைக் கட்டிக் கொடுத்துக் காசு வாங்குவதோடு விடாதீர்கள். வாங்க வந்தவரின் புஜத்தை டேப்பால் அளந்து, அதற்கேற்ற பட்டையைக் கொடுங்கள். ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, ஒரு தடவை அளந்து காட்டுங்கள். 10 நிமிஷ வேலை. ஒரு குடும்பம் பிழைக்கும்!