பரிகாசமும் பிறர் துக்கமும்

1945-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி காலையில் ஸுடோமு யமகுச்சி என்ற ஜப்பானிய இஞ்சினீயர் கம்பெனி வேலையாக ஹிரோஷிமாவில் இருந்தார். அணுகுண்டு விழுந்தது, அவர் உடம்பின் இடப்பாகம் வெந்தது. மறுநாள் ரயிலேறித் தம் ஊர் புறப்பட்டார். அந்த ஊர் நாகஸாகி! 9-ந் தேதி, நடந்ததை மேலதிகாரியிடம் விவரித்துக்கொண்டிருக்கையில் இரண்டாவது குண்டும் விழுந்தது. பிழைத்தவர், 2010 ஜனவரியில் தமது 93-வது வயதில் காலமானார்.

அவ்வருஷ டிசம்பரிலேயே லண்டன் பி.பி.ஸி.யின் விகட நிகழ்ச்சியொன்று அவரைத் துரதிர்ஷ்டசாலிகளின் சிகரமாக அறிமுகம் செய்து சபையைச் சிரிக்க வைத்தது. ஜப்பானிய ஸ்தானிகர் காரியாலயம் ஆட்சேபித்தது. 2011 ஜனவரியில் பி.பி.ஸி. மன்னிப்புக் கோரிற்று.

எதிர்க்கக்ஷியின் வாதத்தை நாம் அலக்ஷியம் செய்யவில்லை. குண்டு விழுந்த மறுநாளும் ஜப்பானில் ரயில் ஓடியதைச் சொல்லித் தங்கள் நாட்டு ரயில்களின் சீர்கேட்டை எள்ளியதே அந்த விகடத்தில் பெரும்பகுதி. துவேஷம் இல்லை என்பதை ஒப்புவோம். ஆனால் இது பீனல் கோடு விவகாரம் அல்லவே! தந்தையின் துரதிர்ஷ்டத்தைச் சொல்லித் தங்கள் குடும்பமும் சிரித்ததுண்டு என்று யமகுச்சியின் மகளே கூறினார். தானும் அணு ஆயுதம் வைத்திருக்கும் பிரிட்டன் அதைக் கண்டு சிரிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை என்றார். எண்ணம் நல்லதே என்பது இதற்குப் பதிலாகாது.

ஜப்பானையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. 2019 அக்டோபரில் ஜப்பானிய ஜவுளிக் கம்பெனியான யூனிக்லோ ஒரு விளம்பரம் வெளியிட்டது. அவ்வளவு பழைய சங்கதி நினைவில்லை என்று 98 வயது மாது 13 வயதுச் சிறுமிக்குச் சொல்கிறாள். கொரிய பாஷையில் மட்டும் அது 80 வருஷத்துக்கு முந்திய சங்கதி ஆயிற்று. 80 வருஷத்துக்கு முன் கொரியா ஜப்பானின் அடிமை நாடு. அந்த யுத்த காலத்தில் அதன் ஆண்கள் கட்டாய வேலைக்கும், பெண்கள் ஜப்பானியச் சிப்பாய்களின் விடுதிகளுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். கொரியர் கொதித்தெழவே விளம்பரம் வாபஸாயிற்று. அவ்வித எண்ணமே இல்லை என்றது கம்பெனி. லண்டனில் செல்லாத வாதம் ஸியோலில் எப்படிச் செல்லும்?

லண்டனில் ஜப்பானுக்கு ஸ்தானிகர் உண்டு. கொரியருக்கோ, கடைப்படி ஏறாதிருக்கும் பகிஷ்கார பலம் உண்டு. இரண்டும் இல்லாதவர்களின் துக்கம் என்னாவது? சயாம்-பர்மா ரயில் பாதை போட 1942-43-ல் ஜப்பானிய ராணுவம் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்தப் பாதையைப் பற்றி 1957-ல் வந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்ற படத்தில் பாலம் கட்டுகிறவர்கள் பிரிட்டிஷ் கைதிகள். அவர்களுடைய சீழ்க்கை மெட்டைப் பின்னர் எத்தனையோ விகடக்காரர்கள் சிரிப்பு மூட்ட எடுத்தாண்டிருக்கிறார்கள். எங்கள் பாட்டன் அங்கே கிடக்கிறான் என்று ஒரு வரி ஆட்சேபம் எழுதி அனுப்ப அந்தத் தமிழர்களின் குடும்பங்களுக்கு எந்தக் காரியாலயம் இருந்தது?