ஒப்புக்கொடுத்தலா? கைகழுவுதலா?



பெரும்பாலும் தமிழ்மொழி கற்பித்தலைப் பற்றியே எழுதி வருகிறேன். இன்று எழுதப்போவது சற்றே வேறான பொருள். எனினும், இதுவும் ஒரு சொல்லில் தொடங்கி ஒரு வகுப்பறையில்தான் முடிகிறது.

கிறித்தவர்களாகிய எங்களிடையே அன்றாடம் வழங்கும் சொல் ஒன்று உண்டு. அதுதான் 'ஒப்புக்கொடுத்தல்'. நோய் வந்தால், "ஆண்டவரிடம் ஒப்புக்கொடுங்கள்" என்போம். பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லையா? கடன் தொல்லையா? குடும்பத்தில் பிணக்கா? எல்லாவற்றுக்கும் இதே மறுமொழிதான். அழகான சொல்! ஆனால், அதன் பொருளறிந்துதான் சொல்கிறோமா?

'ஒப்புதல்', 'ஒப்புக்கொள்ளுதல்' ஆகிய சொற்களில் உள்ள அதே 'ஒப்பு' இதிலும் இருக்கிறது. மனம் ஒப்பிக் கொடுப்பதே ஒப்புக்கொடுத்தல். கை சலித்துப்போய்க் கீழே போடுவது அன்று. இந்த வேறுபாட்டை நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கற்கவில்லை; தேவாலயத்தின் பின்வரிசையில் அமரும் மூதாட்டி ஒருவரிடம் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். எழுத்துகளைத் தனித்தனியே அறிவான். சேர்த்து வாசிக்கத் தெரியாது. தாயாருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைக்க ஆளில்லை. இரண்டு மாதங்கள் பள்ளி முடிந்த பிறகு அவனை அமர்த்திச் சொல்லிக் கொடுத்தேன். முன்னேற்றமே தெரியவில்லை. களைத்துப்போனேன். அவ்வாரம் செபக் கூட்டத்தில், "அந்தப் பிள்ளையை ஆண்டவர் கரத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்று சாட்சி சொன்னேன். பலரும் "ஆமென்" என்றனர்.

கூட்டம் முடிந்ததும் அந்த மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏன் டீச்சர், ஒப்புக்கொடுத்துட்டீங்களா, இல்ல கைகழுவிட்டீங்களா?"

எனக்குச் சினம் வந்தது. அவருக்கு என்ன தெரியும் என்று எண்ணினேன். ஆயினும், அன்றிரவு உறக்கம் வரவில்லை. திருமறையை எடுத்து மத்தேயு நற்செய்தியின் இறுதி அதிகாரங்களைப் படித்தேன்.

அங்கே ஓர் இரவும் அதை அடுத்த காலையும் அருகருகே நிற்கின்றன. இரவில் கெத்செமனே தோட்டம். இயேசு தமக்கு முன்னிருக்கும் துன்பம் நீங்கவேண்டும் என்று மூன்று முறை மன்றாடுகிறார். எனினும் தம் விருப்பத்தைத் தந்தையின் சித்தத்திற்குக் கீழே வைக்கிறார். காலையில் ஆளுநர் மாளிகை. பிலாத்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கூட்டத்தின்முன் கைகழுவுகிறான். இருவருமே ஒன்றை விட்டுக்கொடுத்தவர்களாய்த் தோன்றலாம். ஆனால், ஒருவர் தம் விருப்பத்தை விட்டார், கடமையை விடவில்லை. மற்றவன் கடமையை விட்டான். தன் பதவியைக் காத்துக்கொண்டான். செபித்து முடித்த இயேசு எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தவர்களை நோக்கிச் செல்கிறார் என்பதையும் கவனியுங்கள். ஒப்புக்கொடுத்தல் அவரை நடக்கவே வைத்தது.

நான் எவ்வழி நின்றேன்? அம்மாணவனை விட்ட நாளில் எனக்கு உண்டானது அமைதியன்று. 'அப்பாடா' என்ற ஆறுதல். அவ்வளவுதான்.

சரித்திரமும் இதையே காட்டுகிறது. செருமானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1939ஆம் ஆண்டு சூன் மாதம் அமெரிக்கா சென்றார். அங்கேயே பாதுகாப்பாக இருந்திருக்கலாம். மக்களுக்காகச் செபித்தால் போதும் என்றும் இருந்திருக்கலாம். அடுத்த மாதமே நாடு திரும்பினார். 1943இல் கைது செய்யப்பட்டு, 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 39. இறைவனிடம் தம்மைக் கொடுத்தவர் சிக்கலினின்று விலகிப் போகவில்லை, அதனுள்ளே போனார்.

"அப்படியானால் எப்போதும் உழைத்துக்கொண்டே இருப்பதுதான் ஒப்புக்கொடுத்தலா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உழைக்கவே இயலாத நிலையும் வரும். நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். 1931இல் கீழே விழுந்து காயமுற்றவர், 1951இல் மறையும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கினார். ஓடியாடிய ஒருவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுக்கை! அவர் அங்கிருந்தே பல நூல்களை எழுதினார். கால் நின்றது, கை நிற்கவில்லை.

ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்ட்டில் இலண்டனில் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை, மெதடிஸ்ட் சபைகளில் இன்றும் பெரும்பாலும் புத்தாண்டையொட்டி நடைபெறுகிறது. அதன் செபத்தில், பணிக்கு எடுத்துக்கொண்டாலும் சரி, பணியிலிருந்து ஒதுக்கி வைத்தாலும் சரி என்று ஒப்புதல் தரும் கருத்து உண்டு. ஒதுக்கி வைப்பவர் ஆண்டவராக இருக்கவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். நாமே ஒதுங்கிக்கொண்டு அவர்மேல் பழிபோடுவது தகாது.

ஆகவே, என் கருத்து இதுதான். முயற்சி நம்முடையது, விளைவு அவருடையது. நாம் ஒப்புக்கொடுக்க வேண்டியது விளைவையும், விளைவால் வரும் பெயரையும்தான். நடுபவனும் நீர் பாய்ச்சுபவனும் விளையச் செய்வதில்லை என்று பவுலடியார் கொரிந்து சபைக்கு உணர்த்தினார். ஆனால், நடவேண்டாம் என்றோ நீர் பாய்ச்ச வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லையே!

மறுநாள் அம்மாணவனை மீண்டும் அழைத்தேன். இம்முறை பள்ளி முடிந்த பிறகன்று; காலை மணி அடிப்பதற்கு முன் இருபது நிமிடம். அவன் களைத்திராத நேரம் அது. முதலிலேயே இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆண்டிறுதியில் சிறுசிறு வாக்கியங்களை விரல் வைத்து வாசித்தான். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. பத்தி ஒன்றைத் தடையின்றி வாசிக்கும் நிலையை அவன் எட்டவில்லை.

அடுத்த ஆண்டு தாயாரின் வேலை மாறியதால் வேறு மாநிலத்திற்குச் சென்றுவிட்டார்கள். தொடர்ந்து படித்தானா, வாசிக்கிறானா என்று எனக்குத் தெரியாது. இனி அவனுக்காக என் கை செய்யக்கூடியது எதுவுமில்லை. அவனுடைய பயிற்றுநூல் மட்டும் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை மூடி வைத்த நாளில்தான், உள்ளபடியே, அவனை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தேன். அன்று ஆறுதல் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. ஆனால், கைகள் ஈரமாக இல்லை.

அடுத்த முறை "ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்று சொல்லுமுன், நம் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். உழைத்த கைகளா, கழுவிய கைகளா?

சிந்திப்போம்.