தூபமா, ஜெபமா?

ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் போதும், எங்கள் வகுப்பில் ஒரு சண்டை தவறாமல் வந்துவிடும். "தூபம் இல்லாம என்னடா ஆராதனை?" என்பான் கத்தோலிக்க நண்பன். "புகை எதுக்குடா? ஜெபம் போதும்" என்பான் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவன். நான் சி.எஸ்.ஐ. என்பதால் இரண்டு பக்கமும் அடி வாங்குவேன் :-) யார் சொல்வது சரி என்று பார்க்க, வேதாகமத்தில் தூபம் வருகிற இடங்களைத் தேடிப் படித்தேன். இரண்டு பேருமே முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

முதலில் யாத்திராகமம் 30. தூபபீடத்தின் அளவே அதில் இருக்கிறது. ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், இரண்டு முழ உயரம். மரத்தால் செய்து பொன்தகட்டால் மூடியது. காலையில் விளக்குகளைச் சரிசெய்யும்போதும் மாலையில் விளக்கேற்றும்போதும் ஆரோன் அதில் தூபம் காட்ட வேண்டும். நான்கு வாசனைப் பொருள்களைச் சம எடையில் கலந்து, உப்பும் சேர்த்துச் செய்த தூபவர்க்கம் அது. அதே பக்குவத்தில் ஒருவன் தான் முகர்ந்து மகிழச் செய்தால், ஜனத்திலிருந்தே நீக்கப்படுவான்! அதாவது, மனிதர்கள் ரசிப்பதற்கான வாசனை அல்ல அது. ஜெபமும் அப்படித்தானே? நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டும் என்று செய்கிற ஜெபத்தை இயேசுவும் மத்தேயு 6-ல் கண்டிக்கிறார்.

பி.காம். படிக்கிறவன் என்பதால் விலையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த நான்கில் ஒன்று சாம்பிராணி. போஸ்வெல்லியா என்ற மரத்தின் பட்டையைக் கீறினால் வடிகிற பிசின். ஓமன், ஏமன், சோமாலியா பக்கம் வளருகிற மரம். அங்கிருந்து ஒட்டகத்தின் மேல் பாலைவனத்தைக் கடந்து வர வேண்டும். வழியில் தண்ணீருக்குக் காசு, தீவனத்துக்குக் காசு, தங்குவதற்குக் காசு, போதாததற்கு வரி. மத்தியதரைக் கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் ஒட்டகம் ஒன்றுக்கு 688 தெனாரியம் செலவு என்று முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி கணக்குக் கொடுத்திருக்கிறார். உயர்ந்த ரகம் ராத்தல் 6 தெனாரியம். மத்தேயு 20-ல் திராட்சைத் தோட்டத்துக் கூலியாளுக்கு ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். ஆக, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு கிலோ சாம்பிராணிக்கு ஆறு நாள் வேலை!

அப்படியானால் கூலிக்காரன் என்ன செய்வான்? சங்கீதம் 141-ஐப் பாருங்கள். தன் ஜெபத்தையே தூபமாகவும், உயர்த்திய கைகளையே மாலைப் பலியாகவும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார் பாடுகிறவர். லேவியராகமம் 5-ல் இன்னும் ஒரு படி மேலே. இரண்டு புறாக் குஞ்சு வாங்கக்கூட வசதியில்லாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவந்தால் போதும். அதன்மேல் சாம்பிராணி போடவே கூடாது. அது பாவநிவாரண பலி என்பதுதான் அங்கே சொல்லப்படும் காரணம். ஆனாலும் வாசனையே இல்லாத அந்த மாவுக்கும் மன்னிப்பு கிடைக்கிறது, கவனித்தீர்களா?

உடனே பெந்தெகொஸ்தே நண்பன் ஜெயித்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். ஏசாயா 1-ல் தூபம் அருவருப்பானது என்கிறார் கடவுள். எரேமியா 6-ல், சேபாவிலிருந்து வரும் சாம்பிராணி எனக்கு எதற்கு என்று கேட்கிறார். ஆனால் ஏசாயாவில் இரண்டு வசனம் தள்ளிப் படித்தால், எவ்வளவு ஜெபம் பண்ணினாலும் கேட்கமாட்டேன் என்றும் சொல்கிறார். தூபமும் தள்ளுபடி, ஜெபமும் தள்ளுபடி! காரணம் ஒன்றுதான். அவர்கள் நீட்டுகிற கைகளில் இரத்தம் இருக்கிறது. பரிகாரமாகக் கேட்பது இன்னும் கொஞ்சம் புகையும் அல்ல, இன்னொரு மணி நேர ஜெபமும் அல்ல. நியாயம் செய், திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் துணை நில் என்பதுதான். சங்கீதத்தில் பலியாக உயர்ந்த அதே கைகள்தான் இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன. ஆராதனைக்கு ஒரு பேரேடு, மற்ற ஆறு நாளுக்கு இன்னொரு பேரேடு என்று வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்குப் புரிந்தது.

மற்றபடி தூபமும் ஜெபமும் எதிரிகளே அல்ல. லூக்கா 1-ல் சகரியா உள்ளே தூபம் காட்டுகிறார், அதே வேளையில் ஜனங்கள் வெளியே ஜெபம் பண்ணுகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 8-ல் தூபத்தின் புகை பரிசுத்தவான்களின் ஜெபங்களோடு சேர்ந்தே மேலே எழும்புகிறது. நாம் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனத்தில் தூதன் அதே தூபகலசத்தை நெருப்பால் நிரப்பிப் பூமியிலே கொட்டுகிறான். இடி, மின்னல், பூமியதிர்ச்சி! மேலே போன ஜெபம் காற்றோடு கரைந்து போகவில்லை. பதிலாகப் பூமிக்கே திரும்பி வருகிறது.

இதோடு யாக்கோபு 5-ஐயும் சேர்த்துப் படித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி அங்கே கூக்குரலிடுகிறது. அறுவடை செய்தவர்களின் சத்தமும் கடவுளின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேலே போவது நம்முடைய புகையும் ஜெபமும் மட்டும் அல்ல போலிருக்கிறது.

என்னைக் கேட்டால், தூபம் காட்டுகிற சபை காட்டட்டும், காட்டாத சபை விட்டுவிடட்டும். வருகிற கிறிஸ்துமஸுக்கும் இந்தச் சண்டை வரும். அப்போது நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். நம் ஆலயங்களைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாக்களுக்கு மாதம் எவ்வளவு சம்பளம் கொடுக்கிறோம்? எங்கள் ஆலயத்தில் எவ்வளவு என்று இன்றுவரை எனக்கே தெரியாது. முதலில் அதை விசாரிக்க வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.